சேர்த்த பணம் மூன்று தடவை கரைந்துவிட்டது. முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு எப்படிச் சேர்ப்பது?

கூடலூர் மலர்

வணக்கம். எனக்கு 27 வயது. ஊர் தேனி மாவட்டம் கூடலூர். வேலை குமுளியில், ஒரு ஹோம்ஸ்டேயில் ரிசப்ஷன். பேருக்குத்தான் ரிசப்ஷன். சாவி கொடுப்பது, தேக்கடி போட்டிங்குக்கு டிக்கெட் எடுத்துத் தருவது, ஆள் வராத நாளில் பெட்ஷீட் மாற்றுவது எல்லாம் நான்தான். காலையில் ஏழே காலுக்குப் பஸ் ஏறினால் லோயர்கேம்ப், அப்புறம் மலை வளைவுகள், எட்டு மணிக்குள் குமுளி. இறங்கி நாலு எட்டு நடந்தால் கேரளா. ஆறு வருஷமாக ஒரு நாளைக்கு இரண்டு தடவை எல்லை தாண்டுகிறேன். 2020இல் இந்த நாலு எட்டுக்கே பாஸ் எடுக்கச் சொன்னார்கள். அப்போதுதான் அது எல்லை என்றே எனக்கு உறைத்தது.

ஆசை வந்தது பைகளைப் பார்த்து. வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தால் பையை மாடிக்குத் தூக்கிப் போவது என் வேலைதான். சிலர் கொண்டுவரும் பை அம்மிக்கல் கனம் கனக்கும். இரண்டு வருஷம் முன்பு ஒரு அம்மா வந்தார், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், தனியாக. பை பள்ளிக்கூடப் பை அளவுதான். நாலு மாதமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்றார். தோள்பட்டை வார் ஒரு இடத்தில் கிழிந்து, அதைப் பல் இடுக்கில் விடும் நூலால் தைத்திருந்தார். அந்தத் தையலை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். கிளம்பும் அன்று, எங்களுக்குக் கீழே இருக்கும் ஏலக்காய்க் கடையில் கொண்டுபோய்த் தராசில் வைத்தோம். ஆறு கிலோ நானூறு. கடைக்காரச் சேட்டன், "எட்டு எம்எம் பெரிய ஏலக்காய் என்றால் நல்ல விலை கிடைத்திருக்கும்" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து ஒரே எண்ணம். இப்படி ஒரு பை மாட்டிக்கொண்டு பத்து நாள் ஏதாவது ஒரு நாட்டுக்குப் போக வேண்டும். டூர் கம்பெனியோடு கும்பலாக இல்லை.

பணம் சேர்க்காமல் இல்லை. முதல் தடவை 18,000 சேர்த்துப் பீரோவில் வைத்திருந்தேன். அத்தை மகள் கல்யாணம் வந்தது. மொய்யும் சேலையுமாகப் போயிற்று. இரண்டாவது தடவை பேங்க் கணக்கில் 22,000. அப்பா ஜீப் ஓட்டுகிறார், எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப். எஃப்சி காட்ட வேண்டும், டயர் மாற்ற வேண்டும் என்றார். அதில் எனக்கு வருத்தம் இல்லை, அந்த ஜீப்தான் என்னைப் படிக்க வைத்தது. மூன்றாவது தடவை சீட்டுக் கட்டினேன். நடத்தியவர் ஒரு நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். 15,000 போச்சு.

சீசனில் சம்பளம் 14,000. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை, ஆளே வராது, ஓனர் பாதிதான் தருவார். அதையும் குறை சொல்ல முடியாது, மூடாமல் வைத்திருக்கிறாரே. வீட்டுக்கு மாதம் 8,000 கொடுக்கிறேன், மழை மாதங்களில் 5,000. அக்டோபரில் பைகள் வர ஆரம்பித்தால் எனக்கும் வேகம் வந்துவிடும். ஜூலையில் காலி ரூம்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, இதெல்லாம் நமக்கு எதற்கு என்று தோன்றும். அந்த மழை மாதங்களில்தான் ஏதாவது செலவு வந்து பணமும் போகிறது.

குறைந்தது எவ்வளவு வேண்டும்? முதலில் எந்த நாடு? பணத்தை எங்கே வைப்பது? அம்மாவிடம் என்ன சொல்வது? "கல்யாணம் ஆகட்டும், புருஷனோடு எங்கே வேண்டுமானாலும் போ" என்பது அம்மாவின் ஒரே பதில். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

போடி கணக்கு

தங்கச்சி, நான் போடியில் ஏலக்காய்க் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறவன். வெளிநாடு போனதில்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. ஆனால் உங்கள் பதிவில் ஒரு வார்த்தை கண்ணில் பட்டுவிட்டது. மொய்.

வருஷத்துக்கு உங்கள் கையிலிருந்து எவ்வளவு மொய் போகிறது என்று ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். நம் பக்கத்தில் சம்பளக்காரன் சேர்க்காததற்கு டீ, சினிமா காரணம் இல்லை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை, வசந்த விழா என்று நடப்பதுதான். ஐநூறு ஐநூறாகப் போவதால் தெரிவதில்லை. ஆவணியும் வைகாசியும் வந்தால் என் சம்பளத்தில் கால்வாசி பேனா பிடித்து உட்கார்ந்திருப்பவர் முன்னால்தான் போகிறது.

மொய் திரும்பி வரும் பணம்தானே என்பார்கள். வரும். உங்கள் கல்யாணத்தில் வரும், அப்பா கைக்கு வரும், பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் போகும். நீங்கள் பை மாட்டும் நாளில் யாரும் வந்து மொய் எழுத மாட்டார்கள்.

கல்யாணமாகாத பெண் பேரில் தனி மொய் யாரும் எதிர்பார்ப்பதில்லை. அப்பா பேரில் ஒன்று எழுதினால் வீட்டுக்கே ஆயிற்று. மொய் நோட்டைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

கூடலூர் மலர்

அண்ணே, ராத்திரி உட்கார்ந்து கூட்டினேன். எங்கள் வீட்டு மொய் நோட்டு தனி, அது அம்மா பெட்டியில், ஓரமெல்லாம் மஞ்சள் ஒட்டியிருக்கும். என் பேரில் கொடுத்ததற்கு நோட்டே இல்லை. போனில் பணம் அனுப்பியதையும், ஞாபகத்தில் உள்ளதையும் வைத்துப் பார்த்தேன். கடந்த பன்னிரண்டு மாதத்தில் 21 விசேஷம். கூட வேலை பார்த்தவர்கள், காலேஜ் பிள்ளைகள், ஹோம்ஸ்டேக்குப் பால் ஊற்றுகிறவர் மகளின் கல்யாணம் உட்பட. மொத்தம் 11,800.

எனக்கே நம்ப முடியவில்லை. மூன்றாவது தடவை கூட்டியும் அதேதான் வந்தது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

மலர்மா, நான் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை. உன்னைப் போலவே எல்லைக்காரி. வீட்டில் தமிழ், ஸ்டாஃப் ரூமில் மலையாளம். 2024 பிப்ரவரியில் ஒன்பது நாள் மலேசியா போய் வந்தேன், தனியாக. அப்போது வயது 36. கணக்கு நோட்டில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்.

கொச்சி நெடும்பாசேரி ஏர்போர்ட்டிலிருந்து கோலாலம்பூர் போக வர டிக்கெட் 13,800. இரண்டரை மாதம் முன்னால் எடுத்தது. எட்டு இரவு ஹாஸ்டல் 6,300. சாப்பாடு 5,500. பஸ், ரயில் எல்லாம் 3,500. நுழைவுக் கட்டணம், இரண்டு சின்னப் பொருள், கண்ட கண்ட ஜூஸ் 2,000. இன்ஷூரன்ஸ் 700, சிம் 600. பாஸ்போர்ட்டுக்கு 1,500, பைக்கு 2,400. ஆக 36,300. அப்போது ஒரு ரிங்கிட் பதினேழரை ரூபாய் சுற்றி இருந்தது. இப்போது ஏறிவிட்டது. அதனால் நீ 42,000 என்று வைத்துக்கொள்.

எதற்கு மலேசியா என்றால், 2023 டிசம்பர் முதல் நமக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். அந்தச் சலுகையை அவ்வப்போது நீட்டிக்கிறார்கள். டிக்கெட் போடும் முன் அவர்கள் தூதரகத் தளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள். இரண்டாவது காரணம், முதல் தடவை தனியாகப் போகிற பெண்ணுக்கு நடுவில் எங்காவது தமிழ் காதில் விழ வேண்டும். பினாங்கில் ஜார்ஜ் டவுன் என்று பழைய ஊர் இருக்கிறது, 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே லிட்டில் இந்தியா தெருவில் நடந்தால் பலகைகளில் தமிழ், பூக்கடையில் மல்லிகை, மகாமாரியம்மன் கோயிலில் உச்சிகால மணி. இரண்டு தெரு தள்ளினால் சீனக் கோயிலின் ஊதுவத்திப் புகை. எனக்கு வீட்டு ஞாபகம் வந்த அன்று நேராக இங்கே வந்து இட்லி சாப்பிட்டேன். மற்ற நாளெல்லாம் அந்தப் பக்கம் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் இரவு மட்டும் கஷ்டம். கோலாலம்பூரில் பெண்கள் மட்டும் தங்கும் டார்ம், எட்டுக் கட்டில், எனக்கு மேல் கட்டில். ஏணியில் ஏறும்போது சுடிதார் மாட்டிக் கிழிந்தது. லாக்கருக்குப் பூட்டு நாம்தான் கொண்டுபோக வேண்டும் என்று தெரியாது. பாஸ்போர்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விடிய விடிய முழித்திருந்தேன். ஒரு அறுபது ரூபாய்ப் பூட்டு! காலையில் கிழிந்ததைத் தைக்க ஊசிகூட என்னிடம் இல்லை. உன் பதிவில் அந்த அம்மாவின் நூலைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

சரி, பணம். உன் சம்பளம் மாதா மாதம் ஒரே மாதிரி வருவதில்லை. அதனால் ஒரே மாதிரி சேர்க்கவும் நினைக்காதே. நீ ஜூலையில் மனம் சோர்ந்துபோவது ஆசை குறைந்ததால் இல்லை, கையில் காசு குறைந்ததால். மழை மாதத்திலும் உன்னால் கட்ட முடிகிற தொகைக்குத்தான் ஆர்டி, அதாவது மாதா மாதம் கட்டும் தொடர் வைப்பு, போட வேண்டும். 1,000 போதும். பேங்கில் பன்னிரண்டு மாத ஆர்டி, சம்பளம் விழும் மறுநாளே எடுக்கிற மாதிரி. தபால் ஆபீஸ் ஆர்டி வேண்டாம், அது ஐந்து வருஷம். சீசன் ஒன்பது மாதமும் கூடுதலாக 1,000 வேறொரு கணக்கில் போடு. அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டு வாங்காதே, போனில் ஏற்றாதே. நான் அப்படித்தான் வைத்திருந்தேன். பணம் எடுக்க வேண்டுமென்றால் நானே பேங்குக்குப் போய்ச் செலான் எழுத வேண்டும். எங்கள் ஸ்கூல் விடும் நேரத்துக்குப் பேங்க் கவுண்டர் மூடியிருக்கும். அந்தச் சோம்பலே என் பணத்தைக் காப்பாற்றியது.

கூட்டிப் பார். ஆர்டி 12,000, சீசன் பணம் 9,000. போடி அண்ணன் சொன்ன மொய்யில் 1,800ஐ நெருங்கினவர்களுக்கு வைத்துக்கொண்டு 10,000 மிச்சம் பிடி. அதையும் அந்தந்த முகூர்த்த நாளிலேயே கணக்கில் போட வேண்டும், மனதில் மிச்சம் பிடித்தால் மிஞ்சாது. டிப்ஸ் வருமே, அதை ஒரு டப்பாவில் போட்டால் 7,000 தேறாதா? இன்னொன்று, உன் ஓனர் ஓணத்துக்கு போனஸ் தருவார் என்று நினைக்கிறேன், இந்தப் பக்கம் எல்லோரும் தருவார்கள். உங்கள் வீட்டுக்குப் பண்டிகை தீபாவளி. நடுவில் இரண்டு மாதம் அந்தப் பணம் சும்மா கிடந்து ஒவ்வொருவராகக் கடன் கேட்பார்கள். ஓணத்தன்றே போட்டுவிடு.

அப்புறம் ஒரு ஒத்திகை பார். நான் போகும் முன் ஃபோர்ட் கொச்சியில் இரண்டு ராத்திரி டார்மில் தங்கிப் பார்த்தேன். உனக்குக் குமுளியிலிருந்து எறணாகுளம் பஸ் இருக்கிறதே. மலிவு விமானங்களில் கைப்பை ஏழு கிலோதான், பையின் எடையும் சேர்த்து, ஏறும் இடத்தில் நிறுத்துப் பார்ப்பார்கள். உன்னிடம் தராசு கீழேயே இருக்கிறது. அந்த எடையில் கட்டிக்கொண்டு கொச்சி போய் வா. பூட்டை மறக்காதே.

போக ஜூன் கடைசி நல்ல நேரம். உங்கள் இடத்தில் ஆள் இல்லாத மாதம், ஓனர் முகம் சுளிக்காமல் லீவு தருவார். நான் நவராத்திரி லீவு கிடைக்காமல் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

செங்கோட்டை வண்டி

டீச்சர் சொன்னதெல்லாம் சரி, ஆனால் மலேசியாதான் முதல் என்று இல்லை. கையில் 42,000 சேரும்வரை காத்திருந்தால் சிலருக்கு ஆசையே போய்விடும். நான் முதலில் போனது நேபாளம். நமக்குப் பாஸ்போர்ட்கூட வேண்டாம், வாக்காளர் அட்டை போதும். எறணாகுளத்தில் ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் ஏறி, ஸ்லீப்பரில் இரண்டரை நாள் படுத்து, கோரக்பூர். அங்கிருந்து பஸ்ஸில் சோனௌலி. எல்லையை நடந்தே தாண்டினேன். ஒரு பக்கம் நம் டீக்கடை, ஒரு வளைவு, அந்தப் பக்கம் அவர்கள் டீக்கடை, நடுவில் லாரி நெரிசல். மலர், சத்தியமாகச் சொல்கிறேன், குமுளி பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரியே இருந்தது. நமக்கு முத்திரையும் குத்த மாட்டார்கள். ஆசையாகப் புது பாஸ்போர்ட் கொண்டுபோயிருந்தேன், வெறும் தாளோடு திரும்பி வந்தேன்.

நம் நூறு ரூபாய் அங்கே நூற்று அறுபது, 1993இலிருந்து அதே கணக்கு. மனதிலேயே போட்டுக்கொள்ளலாம். ஆனால் போக வர ரயிலிலேயே ஐந்து நாள் போய்விடும், உங்கள் பத்து நாள் லீவுக்கு அது ஆகாது.

இலங்கையும் பாருங்கள். மதுரையிலிருந்தே கொழும்புக்கு விமானம் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. இறங்கினால் யாழ்ப்பாணம், முழுக்கத் தமிழ். கடல் சரியில்லாத மாதங்களில் நிறுத்திவிடுவார்கள், அதைக் கேட்டுவிட்டு லீவு போடுங்கள். நான் கேட்காமல் நாகப்பட்டினம் வரை போய், கடலைப் பார்த்துவிட்டு, வேளாங்கண்ணியில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பினேன்.

கூடலூர் மலர்

டீச்சர், அண்ணன்மாரே, படித்துப் படித்து மனப்பாடமே ஆகிவிட்டது. ஓணம் போனஸ் கணக்கை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? போன வருஷம் 5,000 தந்தார். தீபாவளிக்குள் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

யாழ்ப்பாணம் ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் மொழி தெரியாத இடத்தில் ஒரு தடவை தொலைந்து பார்க்க வேண்டும் என்று ஒரு வீம்பு. அதனால் மலேசியா.

இரண்டு சந்தேகம். ஏர்போர்ட்டில் தனியாகப் போகிற பெண்ணை நிறுத்திக் கேள்வி கேட்பார்களாமே? அப்புறம் அம்மா. அதுதான் பெரிய சந்தேகம். கம்பத்தில் ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கப் போகிறார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து பொறுக்குவார்கள். அந்த வட்டத்தில் யார் மகள் எங்கே போனாள் என்பதுதான் பேச்சு.

மார்த்தாண்டம் நர்ஸ்

கேள்வி கேட்பார்கள், பயப்பட ஒன்றும் இல்லை. எதற்குப் போகிறாய், எங்கே தங்குவாய், எப்போது திரும்புவாய், கையில் எவ்வளவு இருக்கிறது. திரும்பும் டிக்கெட், ஹாஸ்டல் புக்கிங், ஓனரிடம் லீவு கடிதம், மூன்றையும் காகிதத்தில் எடுத்து வையுங்கள். போன் சார்ஜ் அந்த நேரம் பார்த்துத்தான் தீரும். வேலைக்குப் போகிறேனா சுற்றிப் பார்க்கப் போகிறேனா என்று பதில் தடுமாறினால்தான் இழுப்பார்கள்.

பாஸ்போர்ட்டுக்கு இப்போதே போடுங்கள். பணம் சேர்ந்த பிறகு என்று தள்ளாதீர்கள். நம் ஊர்க்காரர்களுக்குத் தொந்தரவு இனிஷியலில்தான். ஆதாரில் ஒரு எழுத்து, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இன்னொரு விதம். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பேரை முழுதாகப் போட வேண்டும். டிக்கெட்டிலும் எழுத்துக்கு எழுத்து அதே மாதிரி. என் பேரை ஒருமுறை விமானக் கம்பெனிப் படிவத்தில் முன்பின்னாகப் போட்டு, கவுண்டரில் அழாத குறை.

இன்னொன்று. மலேசியாவுக்குப் போய்ச் சேரும் முன், கடைசி மூன்று நாளுக்குள் ஆன்லைனில் ஒரு வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம். என் தம்பி ஏதோ ஒரு தளத்தில், அரசாங்க முத்திரை மாதிரி ஒன்று போட்டிருந்ததாம், 1,900 ரூபாய் கட்டிவிட்டு வந்தான். பணம் கேட்டால் மூடிவிடுங்கள். மலேசியக் குடிவரவுத் துறையின் சொந்தத் தளத்தில் மட்டும் நிரப்புங்கள்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

அம்மா விஷயத்துக்கு என்னிடம் மந்திரம் இல்லை, மலர்மா. என் அம்மா கிளம்பும் அன்றுவரை பேசவில்லை. பஸ் ஸ்டாப் வரை வந்து ஒரு பொட்டலம் கையில் திணித்தார். புளியோதரை. ஏர்போர்ட்டில் செக்யூரிட்டி அதைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் மூடித் தந்தார்.

ஒன்று மட்டும் செய். அனுமதி கேட்காதே, விவரம் சொல். எந்தத் தேதி, எந்த விமானம், எந்தத் தெருவில் தங்கல், ராத்திரி எத்தனை மணிக்குப் போன் என்று சொல்லிக்கொண்டே இரு. "போகட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்ற பதில்தான் வரும். அந்த வட்டத்தில் யாராவது கேட்டால் அம்மா சொல்ல ஒரு பதில் வேண்டும் அல்லவா, அந்தப் பதிலை நீதான் தயார் செய்து கொடுக்க வேண்டும். என் அம்மா எல்லோரிடமும், "டீச்சர்மாருக்கு இதெல்லாம் உண்டு" என்று சொல்லி வைத்திருந்தார். நான் மறுக்கவில்லை.

போடி கணக்கு

மொய்யை ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டாம் தங்கச்சி, பால்காரர் வீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள், அவர் முகம் தினமும் பார்க்க வேண்டியது. மற்றபடி, பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்து 2023 ஜூனில் போடிக்கு ரயிலே திரும்பி வந்துவிட்டது. நீங்கள் மலேசியா போக மாட்டீர்களா?

கூடலூர் மலர்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஆர்டி போட்டாயிற்று, இரண்டு தவணை போய்விட்டது. மற்றக் கணக்குக்குக் கார்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தபோது பேங்கில் அந்த அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்த மாதம் மூன்று முகூர்த்தம். பால்காரர் வீட்டு வளைகாப்புக்கு மட்டும் 300 வைத்தேன். மற்ற இரண்டுக்கும் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் மொய் எழுதும் மேஜையைக் கடக்கும்போது கழுத்தில் வேர்த்தது. மறுநாள் காலையில் பேங்கில் ஆயிரம் போட்டேன்.

பாஸ்போர்ட்டுக்கு மதுரை போய் வந்தேன். நர்ஸ் அக்கா சொன்னது அப்படியே நடந்தது, ஆதாரில் அப்பா பேரில் ஒரு எழுத்து குறை. அதைத் திருத்தி, இரண்டாவது தடவை தேதி வாங்கிப் போனேன். போலீஸ் விசாரணைக்கு வீட்டுக்கு வந்தபோது நான் வேலையில் இருந்தேன். அம்மாதான் வாசலில் நின்று பதில் சொல்லியிருக்கிறார்கள். எதற்குப் பாஸ்போர்ட் என்று அவர் கேட்டதற்கு, "ஹோட்டல் வேலையில் இருக்கிறாள், அவர்களே அனுப்புகிறார்கள்" என்று அம்மா சொன்னதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். டீச்சர், நானும் மறுக்கவில்லை.

கொச்சி ஒத்திகை அடுத்த மாதம். பை வாங்கவில்லை, தம்பியின் காலேஜ் பையே இருக்கிறது. துணியெல்லாம் வைத்துக் கீழே தராசில் போட்டோம். எட்டு கிலோ நூறு. சேட்டன் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார், இரண்டாவது செருப்பு, பெரிய டவல், தேங்காய் எண்ணெய் பாட்டில். ஆறு எண்ணூறில் நின்றது. பூட்டும் ஊசி நூலும் சேர்த்துத்தான்.

அம்மா என்னிடம் இதைப் பற்றி இன்னும் நேராகப் பேசவில்லை. நேற்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டே கேட்டார்கள்.

"அந்த ஊரில் ஏலக்காய் கிலோ என்ன விலை விற்கும்?"

டீச்சர், லிட்டில் இந்தியாவில் விலை ஏதாவது பார்த்தீர்களா? நாளைக்கு ஸ்டோரில் சொல்ல வேண்டுமாம்.